வருமுன் காத்தல்

கடல் வளம் தருவது. மீனும் உப்பும் முத்தும் சங்கும் அதன் கொடைகள். கலம் செலுத்திப் பொருள் ஈட்டிய முன்னோர்க்குப் பெருவழியாய் அமைந்ததும் அக்கடலே. ஆயினும் அது பொங்கி எழுமாயின் கரையில் உள்ள ஊர்கள் நிலைகுலைகின்றன. புயலையும் பேரலையையும் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மாந்தர்க்கு இல்லை. அவற்றுக்கு இரையாகாமல் தப்பும் அறிவோ உண்டு. அவ்வறிவு இருவகைப்படும். இடர் வருகிறது என்பதை உரிய காலத்தில் அறிதல் ஒன்று. அறிந்தபின் செய்ய வேண்டுவதை முன்னரே பயின்றிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடத்தில் உயிர்கள் பிழைக்கின்றன. ஒன்று குறைந்தாலும் இழப்பு மிகுகின்றது. வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் கண்ட சில நிகழ்ச்சிகள் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் தனுஷ்கோடி என்னும் துறைமுக நகரம் ஒரு காலத்தில் சிறந்து விளங்கியது. இரயில் நிலையம், அஞ்சல் நிலையம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம் முதலியன அங்கு இருந்தன. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல்கள் சென்று வந்தன. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அந்தமான் கடலில் தோன்றிய புயலொன்று வலுப்பெற்று, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் ஊரை நெருங்கும் வேளையில் அலைகளில் மூழ்கியது. அதில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர், ஒருவரேனும் பிழைத்திலர். தீவை நிலத்தோடு இணைத்த பாம்பன் பாலமும் பெரிதும் சிதைந்தது. பின்னர் அந்நகரம் மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசினரால் அறிவிக்கப்பட்டது. மணலிடையே நிற்கும் இடிந்த சுவர்களே அந்நகரின் எச்சம்.

அக்காலத்தில் இந்தியாவுக்கெனத் தனி வானிலைச் செயற்கைக்கோள் இல்லை. புயலைத் தொலைவிலேயே கண்டறியும் ராடார்களும் கிழக்குக் கடற்கரையில் அமைக்கப்படவில்லை. கப்பல்கள் அனுப்பும் செய்திகளையும், கரையோர நிலையங்களின் அளவீடுகளையும் கொண்டே பெரும்பாலும் புயலின் போக்கைக் கணிக்க வேண்டியிருந்தது. ஆதலின் இருளில் வந்த இடர், இருளிலேயே தன் வேலையை முடித்துச் சென்றது.

ஆனால், கருவிகள் இல்லாத இடத்திலும் அறிவு உயிர்களைக் காத்ததுண்டு. இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்னும் தீவு உள்ளது. 1907ஆம் ஆண்டில் ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை அத்தீவு மக்களுள் மிகப் பலரைக் கொண்டுசென்றது. எஞ்சியோர் தாம் கண்டதை மறக்கவில்லை. அதற்குச் ‘சுமோங்’ என்று பெயரிட்டுத் தம் மக்களுக்குக் கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்தனர். நிலம் கடுமையாக அதிர்ந்து, பின்னர்க் கடல் உள்வாங்கினால், எதனையும் எடுக்க நில்லாமல் குன்றின்மேல் ஏறிவிட வேண்டும் என்பதே அக்கதையின் சாரம். பாட்டியிடம் கேட்ட கதையைத் தாயும், தாயிடம் கேட்டதைப் பிள்ளையும் பேணி வந்தனர்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ராவை அடுத்த கடலடியில் மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. சிமெலூ அதன் அருகிலேயே இருந்தது. தீவின் வடகரையை முதல் அலை எட்டுவதற்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. எந்த அரசின் அறிவிப்பும் அவ்வளவு விரைவில் அங்குச் சென்றிருக்க இயலாது. ஆயினும் நிலம் அதிர்ந்த உடனேயே ‘சுமோங், சுமோங்’ என்று கூவிக்கொண்டு மக்கள் குன்றுகளை நோக்கி ஓடினர். முதியோரைத் தாங்கினர், குழந்தைகளைச் சுமந்தனர். ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் எழுவரே.

அதே அலைகள் தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. பத்து நிமிடமும் கிடைக்காத தீவினர் பிழைத்தனர். இரண்டு மணி நேரம் கிடைத்த கரையினரோ பெரும் அழிவுக்கு உள்ளாயினர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டின மாவட்டத்தில் உயிர் துறந்தனர். சிமெலூவில் நிலமே உலுக்கி எச்சரித்தது. தமிழகக் கரையிலோ அதிர்வு மெல்லியதாய் இருந்தமையால் பலர் அதனை உணரவே இல்லை. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இடையிடையே கடல் பின்வாங்கிய இடங்களும் இருந்தன. பின்வாங்கும் கடல் மீண்டும் பெருகி வரும் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ‘சுனாமி’ என்னும் சொல்லே அன்றுவரை பெரும்பாலோர் செவியில் விழாத சொல்லாகும்.

இத்தகைய கரையினர்க்கு இயற்கையின் குறிப்பு மட்டும் போதாது. தொலைவிலிருந்து செய்தி வர வேண்டும். வந்த செய்தி ஒவ்வொரு வீட்டையும் எட்ட வேண்டும். இது நிகழக்கூடியதே என்பதற்குப் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊர் சான்றாகும்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்துச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவியிருந்தது. கணிப்பொறியும் இணையத் தொடர்பும் அரிதாய் இருந்த காலம் அது. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்புகளைப் பெற்று, எளிய தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவிக்கும் பழக்கம் அவ்வட்டாரக் கடற்கரையில் தோன்றியது. எங்கோ கிடந்த செய்தி, கடலுக்குச் செல்பவனின் செவிக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

பேரலை எழுந்த அந்நாளில், சிங்கப்பூரில் பணிசெய்துகொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் அச்செய்தியைக் கண்டார். அவர் முன்னர்த் தம் ஊரின் அறிவு மையத்தில் தொண்டு செய்தவர். உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் சொல்லவே, ஊரைவிட்டு வெளியேறுமாறும் ஏனையோர்க்கு அறிவிக்குமாறும் அவர் வற்புறுத்தினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் செய்தியை முழங்கினர். மக்கள் அனைவரும் கரையைவிட்டு அகன்றனர். வீடுகள் ஏறத்தாழ 150 இடிந்தன. படகுகளும் பல அழிந்தன. ஆனால் அவ்வூரின் 3,600க்கு மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். செய்தி ஒன்று, அதனைப் பரப்பும் கருவி ஒன்று, கேட்டதும் நடக்கும் மனம் ஒன்று. இம்மூன்றும் அவ்வூரைக் காத்தன.

அப்பேரிடருக்குப் பின்னர் இந்திய அரசு விழித்தெழுந்து பல ஏற்பாடுகளைச் செய்தது. 2005ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் பணியைத் தொடங்கியது. கடலடியின் அதிர்வுகளை நிலநடுக்கமானிகளும், நீர்மட்டத்தின் மாறுதல்களைக் கடலில் மிதக்கும் மிதவைகளும் அம்மையத்துக்கு அறிவிக்கின்றன. புயலைப் பற்றிய எச்சரிக்கைகளை, 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை வழங்குகிறது. செயற்கைக்கோளும் ராடாரும் இன்று புயலைக் கடலிலேயே கண்டுகொள்கின்றன.

முன்னறிவும் பயிற்சியும் கைகோத்தால் விளையும் பயனை ஒடிசா மாநிலம் உலகுக்குக் காட்டியது. 1999ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அம்மாநிலத்தைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் கரையோரங்களில் உறுதியான புயல் காப்பகங்கள் எழுந்தன. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். யார் முரசறைவது, யார் முதியோரை அழைத்துவருவது, கால்நடைகளை எங்குக் கட்டுவது என்பனவெல்லாம் அமைதியான நாள்களிலேயே முடிவு செய்யப்பட்டு, ஒத்திகையும் பார்க்கப்பட்டன. 2013ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘பைலின்’ என்னும் கடும்புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டனர். உயிரிழந்தோர் தொகை ஐம்பதுக்குள் அடங்கியது. முன்னைய புயல் இதனினும் வலியது என்பது உண்மையே. எனினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காற்றின் வேகம் மட்டும் காரணம் ஆகாது. மக்களின் ஆயத்தமே முதற்காரணம்.

அரசின் ஏற்பாடு எவ்வளவு சிறந்ததாயினும், ஒவ்வொரு வீடும் தன் கடமையைச் செய்தல் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் வீட்டில் ஒரு பையை ஆயத்தமாக வைத்தல் நன்று. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் அளவில் மூன்று நாள்களுக்குக் குடிநீர் தேவைப்படும். அதனை மூடிய கலங்களில் சேமித்தல் வேண்டும். அவல், பொரி, கடலை, வெல்லம் போன்ற சமைக்காமல் உண்ணத்தக்க பொருள்கள் பசியைத் தணிக்கும். கைவிளக்கு, மின்கலத்தால் இயங்கும் வானொலி, முதலுதவிப் பொருள்கள், நோயுற்றோர்க்கு வேண்டிய மருந்துகள், ஓர் ஊதுகுழல் ஆகியனவும் இருத்தல் வேண்டும். குடும்ப அட்டை, நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றை நீர்புகாத உறையில் இட்டு வைப்பவர் பின்னர் வருந்த நேராது.

இடர்க்காலத்தில் அறியாமையால் விளையும் இழப்புகள் பல. புயலின் நடுப்பகுதி ஓரிடத்தைக் கடக்கும்போது காற்று அடங்கி அமைதி நிலவும். புயல் ஓய்ந்தது என்று எண்ணிச் சிலர் வெளியே வருவர். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாக வீசும். வானிலைத் துறையினர் புயல் கடந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை வெளியே வாராதிருத்தலே அறிவுடைமை. ஓடும் வெள்ளம் கணுக்கால் அளவே இருப்பினும் ஆளைத் தடுமாறச் செய்யும்; இரண்டடி ஆழம் ஓடினால் மோட்டார் வண்டியையும் இழுத்துச் செல்லும். அறுந்து கிடக்கும் மின்கம்பியையும், அது தோய்ந்த நீரையும் அணுகுதல் கூடாது. வெள்ளம் வடிந்தபின் நீரைக் கொதிக்க வைத்தே குடித்தல் வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாயின், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டிச் சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். இவ்வெளிய கரைசல் குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருந்தாகும்.

இத்தகைய செய்திகளை எங்குப் பெறுவது? இக்காலத்தில் அவை கைக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளன. வானிலை ஆய்வுத் துறையின் வலைத்தளமும் ‘மௌசம்’ என்னும் அலைபேசிச் செயலியும் மழை, புயல் பற்றிய எச்சரிக்கைகளைத் தருகின்றன. இடிமின்னலைப் பற்றி எச்சரிக்கத் ‘தாமினி’ என்னும் செயலி உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றின்போது செய்யத்தக்கனவற்றையும் தகாதனவற்றையும் தன் வலைத்தளத்தில் வெளியிட்டுள்ளது. எச்சரிக்கைகளில் நிறங்களுக்கும் பொருள் உண்டு. பச்சை, அச்சமில்லை என்பதையும், மஞ்சள், கவனித்திருத்தல் வேண்டும் என்பதையும், ஆரஞ்சு, ஆயத்தமாதல் வேண்டும் என்பதையும், சிவப்பு, உடனே செயற்பட வேண்டும் என்பதையும் குறிக்கும்.

ஆயினும் இணையம் என்னும் பெருங்கடலில் முத்தும் உண்டு. வெறும் சிப்பியும் உண்டு. 2004ஆம் ஆண்டுப் பேரலைக்கு நான்கு நாள்களுக்குப் பின், மீண்டும் பேரலை வரக்கூடும் என்ற செய்தி தமிழகக் கரையெங்கும் பரவியது. துயரத்திலிருந்து மீளாத மக்கள் அனைத்தையும் விட்டு மீண்டும் ஓடினர். துயர்துடைப்புப் பணிகளும் தடைப்பட்டன. அலையோ வரவில்லை. பொய்யான எச்சரிக்கை ஒருநாள் அலைச்சலோடு முடிவதன்று. அடுத்து வரும் மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் நம்பாதவாறு செய்துவிடும். ஆதலின் செய்தி ஒன்றைக் கண்டதும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைச் சொன்னவர் யார்? எந்நாளில், எந்நேரத்தில் சொன்னார்? எந்த ஊருக்காகச் சொன்னார்? இவற்றுக்கு விடை இல்லாத செய்தியைப் பிறர்க்கு அனுப்புதல் தீங்காகும். பழைய வெள்ளத்தின் படம் புதிய வெள்ளத்தின் படமாக உலவுவதுண்டு. வேற்று நாட்டின் காட்சி நம்மூர்க் காட்சியாகக் காட்டப்படுவதும் உண்டு. அரசுத் துறையின் அறிவிப்போடு ஒத்துப் பார்த்தபின்னரே எதனையும் நம்புதல் வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. இடர் வந்த பின்னர் இணையத்தைத் தேட இயலாமற் போகலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னை மாநகரம் வெள்ளத்தில் சிக்கியபோது பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. அலைபேசித் தொடர்பும் அற்றது. கையில் கருவி இருந்தும் அது ஊமையாயிற்று. ஆதலின் இன்றியமையாத செய்திகளை முன்னரே படித்துத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்னும் எண்கள் வீட்டுச் சுவரில் இடம்பெறல் நன்று. குடும்பத்தினர் பிரிய நேர்ந்தால் எங்குக் கூடுவது என்பதையும், வெளியூரில் உள்ள உறவினர் யார்க்குச் செய்தி சொல்வது என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

படித்தல் ஒன்று, பயிலுதல் வேறொன்று. நீந்துவதைப் படத்தில் ஆயிரம் முறை கண்டவனும் நீரில் இறங்காமல் நீந்தக் கற்பதில்லை. மூச்சு நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்மூட்டும் முறையைத் திரையில் காணலாம். அதனைத் தகுதியுடையார் முன்னிலையில் கையால் செய்து பழகினால்தான் வேண்டும்போது கை தயங்காது. செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, தீயணைப்புத் துறை முதலிய அமைப்புகள் இத்தகைய பயிற்சிகளை அளிக்கின்றன. பள்ளியில் நடைபெறும் ஒத்திகையை விளையாட்டாக எண்ணாமல் ஊன்றிச் செய்யும் மாணவர், தம் வீட்டுக்கும் தெருவுக்கும் வழிகாட்டி ஆகலாம். 2004ஆம் ஆண்டுப் பேரலையின்போது தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் இருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல்நீர் நுரைத்து விந்தையாக ஏறுவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்ற பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் பெற்றோரிடம் அழுத்தமாக எடுத்துரைக்க, அக்கடற்கரையில் இருந்தோர் அனைவரும் வெளியேறிப் பிழைத்தனர். வகுப்பில் கேட்ட ஒரு பாடம், கேட்டவளின் உயிரோடு பலர் உயிரையும் காத்தது.

சிமெலூத் தீவின் பாட்டிமார் செயற்கைக்கோளை அறியார். நல்லவாட்டு மீனவர் பேரலையின் இயல்பை நூலில் கற்றவர் அல்லர். ஆங்கிலச் சிறுமியோ வயதில் மிக இளையவள். இவர்கள் அனைவர்க்கும் பொதுவாக அமைந்த பண்பு ஒன்று உண்டு. அறிந்ததைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கு உரைத்தனர். உரைத்ததைக் கேட்டோர் காலம் தாழ்த்தாமல் செயற்பட்டனர். கடல் இனியும் பொங்கும். காற்று இனியும் சீறும். அந்நாளில் காக்கவல்லது, அமைதியான நாள்களில் தேடிச் சேர்த்த அறிவே ஆகும். அதனைத் தேடுதலும், ஆராய்ந்து தெளிதலும், பயின்று பிறர்க்குச் சொல்லுதலும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாகும்.